கை நனைக்காத பந்தி

போன மாதம் பயிற்சி முகாமில் ஒரு தம்பி எழுந்து, "மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்கன்னா, கீழ இருக்கிற நம்மால என்னக்கா செய்ய முடியும்?" என்று கேட்டார். கூடம் முழுக்கச் சிரித்தது. ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அந்தச் சிரிப்பின் பொருள். எனக்கு எரிச்சலாக வந்தது. பதில் சொல்ல நான் மைக்கைப் பிடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துவிட்டார்கள். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். இதுவும் ஒரு மதியச் சாப்பாட்டைப் பற்றியதுதான்.

நம் கட்சியின் சட்டவிதிகளைப் படித்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ஊருக்கு ஒரு கிளை. கிளைச் செயலாளர்கள் கூடி ஒன்றியச் செயலாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றியச் செயலாளர்கள் கூடி மாவட்டச் செயலாளரை. தேர்தல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத் தலைமை ஒரு பார்வையாளரை அனுப்பும். எல்லாம் கீழேயிருந்து மேலே போவதாக எழுதியிருக்கும்.

நான் பார்த்தவரை எல்லாம் மேலேயிருந்து கீழேதான் வந்தது. பார்வையாளர் காலை ரயிலில் காரைக்குடியில் வந்து இறங்குவார். யார் ஒன்றியச் செயலாளர் என்பதை மாவட்டச் செயலாளர் அதற்கு முன்பே அவர் காதில் போட்டிருப்பார். அந்த ஆளின் வீட்டில்தான் மதியம் விருந்து. கிளைச் செயலாளர்களுக்கும் அங்கேயே இலை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை மெல்லும்போது ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பார்வையாளர் 'ஒருமனதாக' என்பார். எல்லாரும் கை தட்டுவார்கள்.

இதற்குள் இருக்கும் சூட்சுமம் நம் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் சம்மதமானால்தான் கை நனைப்போம். மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் காபித்தண்ணிகூடக் குடிக்காமல் எழுந்துவிடுவோம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள். ஒருவர் வீட்டு ஆட்டுக்கறிக் குழம்பைத் தின்றுவிட்டு, அந்தக் கை காய்வதற்குள் அவரை எதிர்த்து எப்படி நிற்பது? கறிக் குழம்புச் செலவோடு தேர்தல் முடிந்துவிடும். பெட்டியும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம்.

நான் சொல்லும் சம்பவம் தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நடந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் வந்திருந்த புதிது. ஊராட்சித் தலைவி நாற்காலியில் மனைவியும், தலைவியின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் புருஷனும் உட்கார்ந்திருந்த காலம். நான் அப்போது காரைக்குடியை ஒட்டிய எங்கள் ஒன்றியத்தில் மகளிரணி அமைப்பாளர். பதவியின் பெயர்தான் நீளம். தலைவர்கள் வந்தால் ஆரத்தித் தட்டோடு வாசலில் நிற்க வேண்டும், அதுதான் வேலை. ஆனால் கட்சி தோற்றுக் கிடந்த வருஷங்களில், கொடிக்கம்பம் துருப்பிடித்துப்போன ஊர்களுக்கெல்லாம் டவுன் பஸ் ஏறிப் போய்க் கிளைகளைக் கலைந்துவிடாமல் பிடித்து வைத்திருந்தவள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

பழைய ஒன்றியச் செயலாளர் முதுமையால் விலகினார். கிளைச் செயலாளர்களில் பலர் என்னை நிற்கச் சொன்னார்கள். எனக்கும் ஆசை இருந்தது. மாவட்டச் செயலாளரிடம் போய் நேராகவே சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"மகளிரணி இருக்கேம்மா. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"ஒன்றியம் வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். முகாமில் கேட்டேனே, அதே மாதிரிச் சிரிப்பு. அவர் ஏற்கெனவே ஓர் ஆளை முடிவு செய்திருந்தார். காரைக்குடியில் அரிசி மில் வைத்திருந்தவர். மில்காரர் என்றே சொல்கிறேன். கட்சிக்கு வந்து இரண்டு வருஷம்தான் இருக்கும். கெட்ட மனிதர் என்று ஒரு நாளும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் ஒன்றியத்தில் பாதி ஊருக்கு அவருக்கு வழி தெரியாது.

தேர்தல் நாளன்று காலை நானும் இருபது பேரும் காரைக்குடி பேருந்து நிலையத்தில் இறங்கினோம். அப்போது என்னைப் போன்ற கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம், கறி தின்னாத நாட்கள். வெயில் அதற்குள் ஏறத் தொடங்கியிருந்தது. எதிர்ச் சுவரில் ஒருவர் பசை வாளியோடு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த சவரிமுத்து, கிழக்கே ஒரு கிராமத்தின் கிளைச் செயலாளர், குசும்புக்காரர். போஸ்டருக்குப் பக்கத்தில் போய் நின்று சத்தமாக வாசித்தார்.

"ஒன்றியச் செயலாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எங்கள் அண்ணனை வாழ்த்தி வணங்குகிறோம்." திரும்பி என்னைப் பார்த்தார். "மேரியக்கா, எலெக்சன் நேத்தே முடிஞ்சிருச்சு போலருக்கு. அடுத்த பஸ்ஸுக்கு வீட்டுக்குப் போயிருவமா?"

பசைகூடக் காயவில்லை. தேர்தலோ மதியத்துக்குத்தான். மில்காரரின் படம் கைகூப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. அவர் பெயர் அதில் இருந்ததற்காகக்கூட எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஒருமனதில் என் மனதையும் சேர்த்து அச்சடித்துவிட்டார்களே என்றுதான் உடம்பு பற்றி எரிந்தது.

அங்கேயே, டீக்கடை ஓரத்தில் நின்று சொன்னேன். "போவோம். ஆனா அந்த வீட்டுல யாரும் கை நனைக்கக் கூடாது. பெட்டி வச்சு ஓட்டுப் போடட்டும். அப்புறம் சாப்பிடுவோம்."

ஒரு வீட்டு வாசல் வரை போய், போட்ட இலையில் உட்காராமல் நிற்பது நம்மிடையே சின்ன விஷயம் இல்லை. கருப்பையா என்று இன்னொரு கிளைச் செயலாளர், சாதுவான மனுஷன், மெதுவாகக் கேட்டார். "வீட்டுல பொம்பளைக சமைச்சு வச்சிருப்பாக. அவுக மனசு நோகாதா?"

சவரிமுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். "நாங்க வேதக்காரக எல்லாம் தவக்காலம், கறி தின்ன மாட்டோம்னு சொல்லிர்றோம். நீங்கள்லாம் திருக்கோஷ்டியூர் பெருமாளுக்கு விரதம்னு சொல்லிருங்க. யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல."

கேட்க வசதியாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி தங்கைகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். எதிர்ப்பதென்று முடிவு செய்துவிட்டால் உண்மைக் காரணத்தைச் சொல்லி எதிர்க்க வேண்டும். விரதம் என்று சொல்லியிருந்தால் எங்களுக்குத் தனியாகச் சாம்பார் வைத்து இலை போட்டிருப்பார்கள், கதை அதோடு முடிந்திருக்கும்.

மில்காரர் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடு. உள்ளே இரண்டாம் கட்டு முற்றத்தில் பந்தி விரித்திருந்தார்கள். மாவட்டச் செயலாளர் வாசலில் நின்று எல்லாரையும் உள்ளே அனுப்பினார். மில்காரர் பக்கத்து ஆட்கள் போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் பக்கவாட்டில் இருந்த லாரிக் கொட்டகையிலேயே நின்றுவிட்டோம். வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும் விஷயம் கேட்டு எங்களோடு சேர்ந்தார்கள். உள்ளே பாதி இலை ஆளில்லாமல் கிடந்தது.

மாவட்டச் செயலாளர் கொட்டகைக்கு வந்தார். "என்னம்மா, மகளிரணி ஆரத்தி எடுக்கலையா?"

"ஓட்டு எடுக்க வந்திருக்கோம்" என்றேன்.

அவர் முகம் கறுத்தது. "நிக்கிறவன் நிக்கட்டும். உள்ள பரிமாறச் சொல்லு" என்று சத்தம் போட்டுவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பின் நடந்ததை அவரும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மில்காரரின் மனைவி, அந்த வீட்டு ஆச்சி, குழம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னது கொட்டகை வரைக்கும் கேட்டது.

"வந்தவுகள்ல பாதிப்பேரு வெளிய நிக்கிறாக. மீதிப்பேருக்கு மட்டும் எப்படிப் பரிமாறுறது? இந்த வீட்டுல பந்தி வஞ்சனை கெடையாது. எல்லாரையும் உள்ள கூப்பிடுங்க, இல்லையின்னா இலையை எடுத்துருங்க."

"ஆச்சி, இது கட்சி விசயம்" என்றார் மாவட்டச் செயலாளர்.

"கட்சி உங்களது. சோறு என்னது."

மில்காரர் வாயே திறக்கவில்லை. பார்வையாளர் இலை முன்னால் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடி இருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், சென்னைக்காரர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து எங்களிடம் வந்தார்.

"என்னம்மா கலாட்டா இது? முதல்ல சாப்பிடுங்க. பேசித் தீர்த்துக்கலாம்."

"பேசித் தீர்க்க வேண்டாம்யா. எண்ணித் தீர்ப்போம்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. கை நடுங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது. கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்களில் ஒருவர், "நடிக்கிறாரு. நம்பாதீகக்கா" என்றார். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அந்த நடுக்கத்தை நான் வீட்டில் பார்த்து வளர்ந்தவள்.

"ஐயா, சாப்பாட்டுக்கு முன்னாடி ஊசி போட்டுக்கிட்டீகளா?"

தலையை ஆட்டினார். இலை போட்டாயிற்று என்றதும் ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதன் பிறகு சோறுதான் வரவில்லை. வராமல் செய்தவள் நான். கருப்பையாவின் சட்டைப் பையில் எப்போதும் கடலைமிட்டாய் இருக்கும். அதை வாங்கி அவர் வாயில் போட்டு, ஒரு நெல் மூட்டை மேல் உட்கார வைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும் என் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். புளிச்சோறும் ஒரு வறுத்த மிளகாயும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், அரசியலில் இறங்க முடியாதவர். என் அரசியலுக்கு அவர் செய்த உதவி, காலையில் எழுந்து எனக்குச் சோறு கட்டித் தருவது. பார்வையாளர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கருப்பையா கை கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

சவரிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. "கை நனைச்சுட்டாரு. அக்கா கையால கை நனைச்சுட்டாரு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார். சிரிப்பும் கைதட்டலும் கொட்டகையை நிறைத்தன.

பார்வையாளர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தனியாக அழைத்தார். "உயிரைக் காப்பாத்தியிருக்கேம்மா. பாதிப்பேர் உன் பின்னாலதான் நிக்கிறாங்க. ஓட்டெல்லாம் எதுக்கு? நான் உள்ளே போய் உன் பேரையே அறிவிச்சிடறேன். தலைமைகிட்ட நான் பேசிக்கறேன்."

நான் கல்லால் செய்தவள் இல்லை. அந்தப் பதவி எனக்கு வேண்டும். அது என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பத்து வருஷம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போன கால்கள் இரண்டும் "சரி என்று சொல்லேன்" என்றன. சுற்றி நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். "வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கங்கக்கா. கொடுக்கிற சாமி கூரையப் பிச்சுக்கிட்டுக் கொடுக்குது" என்றார் ஒருவர்.

"ஐயா" என்றேன், "நீங்க மயங்கி விழப்போனதுக்கு எனக்குப் பதவியா? அவுக கறிச்சோறு போட்டு வாங்கப் பாத்தாக. நான் புளிச்சோறு போட்டு வாங்குனேன்னு ஆகும். பெட்டி வையுங்க."

"தோத்துட்டா?"

"தோத்துட்டுப் போறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், ஓட்டெடுப்பு என்று அறிவித்தார். மாவட்டச் செயலாளர் குதித்தார். ஊசி போட்டுப் பசித்துக் கிடந்த மனிதருக்கு அவர் மேல் அதற்குள் நல்ல கோபம் வந்திருந்தது.

பெட்டிக்கு எங்கே போவது? ஆச்சிதான் மூடி போட்ட எனாமல் தூக்குவாளி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எழுத்து வராதவர்களும் இருந்ததால் சீட்டு வேண்டாம் என்றோம். உடனே ஒரு தட்டு நிறையப் புளியங்கொட்டையும் இன்னொரு தட்டு நிறைய மொச்சையும் வந்தன. புளியங்கொட்டை எனக்கு, மொச்சை மில்காரருக்கு. ஆளுக்கு இரண்டிலும் ஒவ்வொன்று. தனியறைக்குள் போய் ஒன்றை வாளியில் போட்டுவிட்டு மற்றதை மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். கிளைச் செயலாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தான் பொறுப்பில் இருந்த இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஓட்டுப் போட்டதாக ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். அவர் எந்தக் கொட்டையைப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

வாளியைப் பந்திப் பாயில் கவிழ்த்து எல்லார் முன்னாலும் எண்ணினார்கள். மூன்று ஓட்டில் நான் தோற்றேன்.

வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். சவரிமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாவட்டச் செயலாளருக்கு உடனே சிரிப்பு திரும்பிவிட்டது. "சரிம்மா, ஜனநாயகம் முடிஞ்சுச்சு. கட்சி மரபுன்னு ஒண்ணு இருக்குல்ல. நீயே எழுந்து, இதை ஒருமனதா ஏத்துக்கிறோம்னு ஒரு வார்த்தை சொல்லிரு. தலைமைக்கு அப்படித்தான் அனுப்பணும்."

எழுந்தேன். "மூணு ஓட்டுல மில்காரர் ஜெயிச்சிருக்காரு. அவரை நான் ஒன்றியச் செயலாளரா ஏத்துக்கிறேன். அவர் கூப்பிட்டா வேலைக்கு வருவேன். ஆனா ஒருமனதாங்கிற வார்த்தை என் வாயிலேருந்து வராது. மொச்சையும் புளியங்கொட்டையும் பாயில கெடக்கு. எண்ணினதை எண்ணினபடி எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆச்சி வந்து என் முன்னால் நின்றார். குழம்பைத் திரும்பச் சூடாக்கியிருந்தார்.

"இப்பவாவது உக்காருவீகளா? இல்ல, இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

"உங்க சோத்து மேல எனக்குக் கோவமில்ல ஆச்சி."

"தெரியும். கோவம் இருந்தா வாசலுக்கே வந்திருக்க மாட்டீக." முதல் இலையைக் காட்டினார். பார்வையாளருக்குப் போட்டிருந்த இலை அது. அங்கேதான் என்னை உட்கார வைத்தார். தவக்காலம் என்று எனக்கும் சவரிமுத்துவுக்கும் காய்க்குழம்பு தனியாக வந்தது. இந்தத் தடவை அதுதான் உண்மைக் காரணம்.

கை கழுவிவிட்டு மில்காரரிடம் போனேன். "ஒண்ணு கேக்கணும். மில்லுல சாக்குக்கு மார்க் போடுற கறுப்பு மை இருக்கா? ஒரு பிரஷ்ஷும் வேணும்."

"எதுக்கு?"

"பஸ் ஸ்டாண்டுலேருந்து உங்க வீடு வரைக்கும் போஸ்டர் ஒட்டியிருக்கு. அதுல ஒரு வார்த்தை பொய்."

மாவட்டச் செயலாளர் பாய்ந்து வந்தார். மில்காரர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத மனிதர். என்னிடம் மட்டும் கேட்டார். "அந்த ஒரு வார்த்தையை மட்டுந்தானே? என் பேரு மேல படாதே?"

"படாது. பேரு நெசந்தானே."

அவரே கொட்டகைக்குப் போய் மை டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்துக் கொடுத்தார். சாயங்கால வெயிலில் நாங்கள் தெருத் தெருவாகப் போனோம். சவரிமுத்து டப்பாவைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு போஸ்டரிலும் 'ஒருமனதாக' என்ற ஒரு வார்த்தையை மட்டும் அடித்தேன். கடைக்காரர்கள் வெளியே வந்து என்னவென்று கேட்டார்கள். சொன்னோம்.

மறு மாதத்திலிருந்து மில்காரர் கிளை கிளையாக வரத் தொடங்கினார். பாதிப்பேர் தனக்குப் போடவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருமனதாக வந்தவர்கள் யாரும் எங்கள் ஊர்ப்பக்கம் அதற்கு முன் வந்ததில்லை. அடுத்த தேர்தலுக்குப் பார்வையாளர் வந்தபோது விருந்து ஒருவர் வீட்டிலும் இல்லை. ஓட்டலில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பிறகு நான் என்னென்ன பொறுப்பில் இருந்தேன் என்பதை முகாம் அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறார்கள், படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். மேலிடம் முடிவு செய்துவிட்டால் உங்களால் அதை மாற்ற முடியாமல் போகலாம். இலையில் உட்காராமல் நிற்க முடியும். தோற்றவள் என்று என்னை யார் வேண்டுமானாலும் சொல்லட்டும், மூன்று ஓட்டில் தோற்றவள்தான். பேருந்து நிலையச் சுவரில் அந்தப் போஸ்டர் ஐப்பசி மழை வரைக்கும் கிழியாமல் இருந்தது. மில்காரர் பெயர் வெயிலில் வெளுத்தது, அவர் படமும் வெளுத்தது. சாக்கு மை வெளுக்கவில்லை.